குழாயில் மட்டும் இல்லாத தடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட இரண்டாம் நாள் காலை. வானம் இருண்டிருந்ததால் நடையில் விளக்குப் போடப் போனேன். சுவிட்சுக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த சுவரில், நான்கு விரல்கள் பதிந்திருந்தன. அரக்குச் சிவப்பு.

முந்தின நாள் அங்கே எதுவும் இல்லை. இரவு நான்தான் அந்த விளக்கை அணைத்தேன்.

தொட்டுப் பார்த்தேன். சுவர் மழைக்கு வியர்த்திருந்தது. நான்கில் ஒரு விரல் நுனியில் இடப்பக்கமாகக் கோணியிருந்தது. என் வலக்கைச் சுட்டுவிரலும் அப்படித்தான். பதினொரு வயதில் தறியில் நசுங்கி, கோணலாகவே ஒட்டிக்கொண்ட விரல்.

கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

சென்ற வாரம் இதே பத்தியில் என் ஆசிரியர் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிலர் அன்போடு கடிதம் போட்டிருக்கிறார்கள். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இன்று இல்லையே என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதன் பிறகு, இந்த வாரத்துக்கு எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு சோப்பு

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கட்டில் தறி, பின்கட்டில் சாயக் கொட்டகை. மகன் குமரன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறான். மருமகள் கோமதி நெய்கிறாள். நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் வேலை இல்லாத ஒரே ஆள்.

கொரோனா வந்தபோது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வாசலில் ஒரு குழாய் போடச் செய்தேன். பக்கத்தில் சோப்புப் பெட்டி. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யார் வந்தாலும் கை கழுவாமல் உள்ளே போக முடியாது. நூல் கொண்டுவருபவர், பால்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், எல்லோரும் கழுவினார்கள். தெருவில் எனக்கு 'கை கழுவுற வாத்தியார்' என்றே பெயர். காதில் விழுந்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என் அம்மா சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திக் கை காலுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். தீட்டு என்பாள். படித்த திமிரில் அவளைக் கேலி செய்திருக்கிறேன். அதே வாசலில், அதே காரியத்துக்கு, கிருமி என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

நோய் அடங்கி, தெருவில் மற்ற வீட்டுக் குழாய்கள் துருப்பிடித்த பிறகும் எங்கள் குழாய் இருந்தது. அப்போதுதான் பேத்தி பிறந்தாள். மகிழினி. தறியில் உட்காரும் கோமதி ஈரக் கையோடு பாவு நூலைத் தொட முடியாது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை நிற்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பாத்திரம் கழுவவும் முசரவாக்கத்திலிருந்து எஸ்தர் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். அதனால் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் வந்த வாரமே சோப்புப் பெட்டியில் இன்னொரு சோப்பு வைத்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவளுக்கு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகாதாரம் என்று சொல்லியிருப்பேன். எங்கள் குழந்தைக்குச் சோறூட்டுகிற கைக்கு எங்கள் சோப்பைத் தர மனம் வரவில்லை. அவள் காலனியிலிருந்து வருபவள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அவளைச் சத்தமாக இருபது வரை எண்ணிக்கொண்டே கழுவச் சொல்வேன். கையில் ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருந்தாள். அடியில் அழுக்கு நிற்கும் என்று கழற்ற வைத்தேன். என் விரலில், ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் போட்ட தங்க மோதிரம் இருந்தது. மூட்டு வீங்கியதால் கழற்ற வராது. அதை நானும் கழற்றவில்லை, யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை.

அவளுடைய சோப்பு மாதம் ஒன்று தேய்ந்தது. எங்கள் சோப்பில் பதித்திருந்த எழுத்து அப்படியே இருந்தது. நான் அதை தினமும் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

ஒரு சிட்டிகை சாயம்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

வகுப்பில் கிருமியைப் பற்றி நடத்தும்போது வீட்டிலிருந்து சாயத்தூள் கொண்டுபோவேன். பட்டுக்குப் போடும் அரக்குச் சாயம் காய்ந்திருக்கும்போது சிவப்பாக இருக்காது. மங்கிய பழுப்பு. கையில் ஒரு சிட்டிகை தடவித் தட்டிவிட்டால் எதுவும் இல்லாததுபோல்தான் தெரியும். ஈரம் படவேண்டும், அப்போதுதான் நிறம் கிளம்பும்.

ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அதைத் தடவுவேன். பக்கத்துப் பிள்ளையோடு கை குலுக்கச் சொல்வேன். அது அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு. பிறகு எல்லோர் கையிலும் ஈரத் துணியால் ஒற்றுவேன். வகுப்பு முழுக்கச் சிவக்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கிருமி இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் கைவழியே போகும் என்பேன். நல்ல பாடம். இன்றைக்கும் அதில் பிழை சொல்ல முடியாது.

அந்த ஆண்டு நான் சாயம் தடவியது எஸ்தரின் கையில். கடைசிப் பெஞ்சில் இருந்தவளை எழுந்து வரச் சொன்னேன். ஏன் அவளை என்று கேட்டால், கண்ணில் பட்டாள் என்று அன்று சொல்லியிருப்பேன். என் கண்ணெதிரில் இருந்தது முதல் பெஞ்சு.

பாடம் முடிந்ததும் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன், இதெல்லாம் யார் கையிலிருந்து வந்தது என்று. எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எஸ்தர் கையிலருந்து சார்."

சாயம் அவள் கையைவிட்டுப் போக ஒரு வாரம் ஆனது. பெயர் போகவில்லை. "சாயக்கை வருது, தள்ளிக்கோ" என்று பிள்ளைகள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதட்டியிருக்கலாம். சிரித்துவிட்டுப் போனேன். அந்த வருஷத்தோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். இதனால்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

திருப்புட்குழியிலிருந்து வந்த கை

புரட்டாசி கடைசியில், திருப்புட்குழியில் என் நண்பர் தணிகாசலத்துக்கு வாந்தியும் பேதியும் என்று தகவல் வந்தது. தனியாக இருப்பவர். பார்க்கப் போனேன். அவரைத் தூக்கி உட்காரவைத்து, வேட்டி மாற்றி, அழுக்கு வேட்டியை அலசிப் போட்டு, கஞ்சி கொடுத்தேன். கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அங்கே சோப்பு கண்ணில் படவில்லை. வீட்டில் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வாசல் குழாயை நோக்கி நடக்கும்போதே குமரன் போன் செய்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, தான் வர அரை மணி ஆகும், அரக்குச் சாயத்தை எடைபோட்டு வைக்கச் சொன்னான்.

"கை ஈரமில்லாம பாத்துக்கப்பா. கல்யாணப் பொடவ. டின்னுல ஈரம் பட்டுச்சின்னா கலரே மாறிடும்."

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஈரக் கையைச் சாய டின்னுக்குள் விடக் கூடாது. கழுவிவிட்டுத் துண்டில் நன்றாகத் துடைத்திருந்தாலே போதும். அவசரத்தில் துடைத்தால் கை சரியாகக் காயாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாயைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குப் போனேன். எடைபோட்டேன். கையை உதறித் தோள்துண்டில் துடைத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது.

நடைக்கு வந்தபோது தூளியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கோமதி தறியில் இருந்தபடியே, பல் முளைக்கிற நேரம் மாமா, அதான் அழுவுது என்றாள். நான் தூளிச் சங்கிலியைப் பிடித்து நிறுத்திக் குனிந்தேன். பல் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று சுட்டுவிரலை அவள் வாயில் விட்டேன். கீழ் ஈறில் அரிசி முனைபோல ஒன்று தட்டுப்பட்டது. சந்தோஷமாக இருந்தது. அவள் என் விரலை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பினாள்.

விரலை எடுத்தபோது அவள் உதடு சிவந்திருந்தது. மோவாயில் இளஞ்சிவப்பாக எச்சில் வழிந்தது.

ரத்தம் என்று ஒரு நொடி பயந்தேன். அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு நான் காட்டிய சிவப்பு. சாயம் அந்த வாய்க்குள் போயிருந்தால், அந்தக் கையில் திருப்புட்குழியிலிருந்து வந்த எல்லாமும் போயிருக்கும். இது எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

எஸ்தர் ஓடிவந்து முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். என்ன சார் செவப்பா என்றாள். செம்பருத்திப் பூ எதையோ வாயில் போட்டிருக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். 

நான் சொன்ன பொய்

மூன்றாம் நாள் குழந்தைக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. மறுநாள் மதியத்துக்குள் கண் குழிந்து, அழுகைச் சத்தம் வராமல் போய்விட்டது. வாய் மட்டும் அழுவதுபோல் திறந்து மூடியது. ஆஸ்பத்திரியில் அந்தச் சிறு கையில் ஊசிக்கு நரம்பு தேடினார்கள்.

டாக்டரம்மா கேட்டார், குழந்தைக்கு யார் ஊட்டுகிறார்கள், கை கழுவித்தான் ஊட்டுகிறார்களா, வீட்டில் வந்துபோகிற யாருக்காவது பேதி இருந்ததா.

என்னிடம் பதில் இருந்தது. கோமதி திரும்பி எஸ்தரைப் பார்த்தாள். குமரனும் பார்த்தான். எஸ்தர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்," என்றேன். "எண்ணுறா, ஆனா சரியாக் கழுவறதில்ல."

இதை நான்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

குழந்தை ஐந்தாம் நாள் கண் விழித்துச் சிரித்தாள். பிழைத்துவிட்டாள். தணிகாசலமும் எழுந்து நடமாடிவிட்டார். எஸ்தரை மட்டும் கோமதி வாசலோடு அனுப்பிவிட்டாள். அதே தெருவில் அவள் செய்துகொண்டிருந்த மற்ற மூன்று வீட்டு வேலைகளும் அந்த வாரத்துக்குள்ளேயே நின்றுபோயின. அவள் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரு பேசிக்கொண்டது. சோப்புப் பெட்டியில், தேய்ந்து காகிதம்போலான அவளுடைய சோப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மழையில் முளைத்தவை

அதன் பிறகுதான் அந்த மழை.

சுவிட்சில் தடம் தெரிந்த அன்று மதியம் கொட்டகை நாதாங்கியில் ஒன்று கிளம்பியது. மறுநாள் நடைக்கதவின் விளிம்பில் மூன்று விரல். அதற்கு மறுநாள், நான் சாய்ந்து நின்ற தூணில் முழு உள்ளங்கை. எல்லாவற்றிலும் கோணல் விரல். சாயம் எடைபோட்ட அன்று நான் நடந்த வழியை, ஒவ்வொன்றாக, யாரோ நிதானமாக எழுதிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. சாயம் போடுகிற வீட்டில் சிவப்பு இல்லாமல் இருக்குமா என்று குமரன் சிரித்தான். அவன் சொன்னது சரிதான். காய்ந்த தூள் எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் காற்றின் ஈரம் பட்டு நிறம் கிளம்புகிறது, அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். விளக்கம் தெரிந்திருந்தும் அந்தத் தூணைத் தாண்டும்போதெல்லாம் அதைத் தொடாமல் ஒதுங்கியே போனேன்.

ஒரு மத்தியானம், யாரும் பார்க்காத நேரத்தில் ஈரத் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. நான்கு விரலாக இருந்தது சுவரில் ஒழுகி, தரை வரை இறங்கியது. துணியைப் பிழிந்தால் ரத்தம்போல வடிந்தது.

பிறகு வாசலுக்குப் போய்க் குழாயைப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட ஈரமான இடம் அது. எங்கே தூள் இருந்தாலும் முதலில் அங்கேதான் சிவந்திருக்க வேண்டும். குழாயில் ஒரு தடம்கூட இல்லை. பளபளவென்று இருந்தது.

அன்று மாலை தூளிக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் புதிதாக ஒன்று தெரிந்தது. முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். ஐந்து விரல். மொத்தமும் என் கட்டைவிரல் அளவுதான். என் விரலைப் பிடித்துச் சப்பியவள், தூளியிலிருந்து இறக்கிவிட்டதும் தவழ்ந்துபோய் அங்கே கை ஊன்றியிருக்கிறாள்.

அதைத் துடைக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலை முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

முசரவாக்கம்

எஸ்தர் வீட்டு முன்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

"பாப்பா எப்படி சார் இருக்குது?"

நன்றாக இருக்கிறாள், இரண்டு பல் வந்துவிட்டது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். திருப்புட்குழி, சாய டின், சுட்டுவிரல், ஆஸ்பத்திரியில் நான் வாய் திறந்தது. அவள் துலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்," என்றாள். "பாப்பா வாயத் தொடச்சேனே, முந்தானையெல்லாம் செவப்பு. செம்பருத்தி அப்படியா சாயம் வுடும்? எட்டாவதுல என் கையில போட்டீங்களே. ஒரு வாரம் போட்டுத் தேச்சிக்கினு இருந்தேன். அந்தச் செவப்பு எனக்குத் தெரியாதா?"

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே வெட்கமாகிவிட்டது.

"சார் கையா எஸ்தர் கையான்னு கேட்டா, உங்க தெருவுல யார் கைய சார் சொல்லுவாங்க?"

மன்னித்துவிடு அம்மா என்றேன். அவள் ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கிட்ட வந்து சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க."

தூரத்திலிருந்து வந்தவன் என்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வியர்த்த என் கை பிடித்த இடத்தில் மெல்லிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு இருந்தது. புரட்டாசியிலிருந்து நான் எத்தனை முறை குளித்திருப்பேன்.

"மோதிரத்தக் கழட்டிட்டுக் கழுவுங்க சார்," என்றாள். அதில் கோபம் இல்லை. குழந்தையிடம் சொல்வதுபோல் இருந்தது.

இருபது

அன்றே வீட்டில் சொன்னேன். குமரன் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். கோமதி தறியை நிறுத்தினாள்.

"என் வாயால அவங்களப் போவச் சொல்ல வெச்சிட்டீங்களே மாமா."

தோள்துண்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். 

மற்ற மூன்று வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில், குழந்தைதான் நல்லாயிடுச்சே, வுடுங்க ஐயா என்றார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாம் வீட்டம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள். கோமதி எஸ்தரை அழைக்க நேரில் போனாள். எஸ்தர் வரவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் பார்ப்பதாகச் சொன்னாளாம்.

நான்கு வீட்டில் சொன்னது தெருவுக்குப் போதவில்லை. பொய் தானாகவே தெரு முழுக்கப் போனது. இந்த உண்மையை நான் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. என்னை நல்லாசிரியர் என்று எழுதியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழந்தைக்கு நோய் கொடுத்தது என் கை. எஸ்தரின் கையில் என்றைக்கும் எதுவும் இருந்ததில்லை, நான் தடவியதைத் தவிர.

வீட்டில் சொன்னதற்கு மறுநாள் காலை குழந்தையைத் தூக்கக் கை நீட்டினேன். கோமதி தரவில்லை. என்னை வாசலுக்கு அழைத்துப் போனாள். சோப்பை நுரைக்கவிட்டு என் மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். தோல் உரிந்தது. மோதிரம் இருந்த இடம் நீரில் ஊறினதுபோல் வெளுத்திருந்தது.

"எண்ணுங்க மாமா," என்றாள். "சத்தமா."

எண்ணினேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழு, எட்டு என்று வரும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. பதினைந்தில் இன்னும் அடர்ந்தது. அந்தச் சின்ன வளையத்துக்குள் அவ்வளவு சாயம் எப்படி இருந்தது என்று இந்த அறிவியல் ஆசிரியனுக்குத் தெரியவில்லை. இருபது தாண்டியும் சிவப்பு நிற்கவில்லை. கோமதி நிறுத்தச் சொல்லவில்லை. நானும் மேலே எண்ணிக்கொண்டே போனேன்.

தண்ணீர் தெளிந்த பிறகு குழாயை மூடினேன். அதன் பிடியில், கோணல் நுனியோடு, ஒரு சிவப்பு விரல் பதிந்திருந்தது.

அதை இதுவரை யாரும் துடைக்கவில்லை.